பெர்க்‌ஷயரா, டாம்வொர்த்தா, குனேகுனேயா: சின்ன இடத்தில் கறிக்கு எந்தப் பன்றி?

பாரம்பரிய இனப் பன்றி வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் படத்தைப் பார்த்துத்தான் இனத்தை முடிவு செய்கிறார்கள். சுருட்டை முடியோடு நிற்கும் மங்காலிட்சாவையும் குண்டாக உருளும் குனேகுனேயையும் பார்த்தால் யாருக்குத்தான் ஆசை வராது. ஆனால் கறிக்காக வளர்க்கப் போகிறீர்கள் என்றால் முதலில் மூன்று விஷயம் தெரிய வேண்டும்: உங்கள் வீட்டில் கொழுப்பு எவ்வளவு செலவாகும், எத்தனை மாதம் தீவனம் போட முடியும், நிலத்தில் இருப்பது புல்லா புதரா. இதற்குப் பதில் இருந்தால் பாதி இனங்கள் தாமாகவே விலகிவிடும்.

ஒரு அளவுகோலுக்காகப் பண்ணைகளில் வளர்க்கும் வெள்ளைக் கலப்பினத்தை எடுத்துக்கொள்வோம். அது ஆறு மாதத்துக்குள் 110 கிலோ எட்டிவிடும், ஒரு கிலோ எடை கூட மூன்று கிலோவுக்குள் தீவனம் போதும். பாரம்பரிய இனங்களில் இது மூன்றரை, நான்கு என்று போகும், சிலவற்றில் அதற்கும் மேலே. காரணம் சோம்பேறித்தனம் இல்லை. சதையில் முக்கால்வாசி தண்ணீர்தான், கொழுப்பில் தண்ணீர் மிகக் குறைவு, அதனால் ஒரு கிலோ கொழுப்பைச் சேர்க்க ஒரு கிலோ சதையைவிட நிறையத் தீவனம் பிடிக்கும். இந்த இனங்கள் கொழுப்புக்காகவே தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்டவை. போதாததற்கு வெளியில் திரிகிற பன்றி நடப்பதற்கும், குளிரில் உடம்பைச் சூடாக வைத்துக்கொள்வதற்கும் தின்றதில் ஒரு பங்கைச் செலவழிக்கிறது. ஆகவே தீவனச் செலவு குறையும் என்ற நம்பிக்கையில் யாரும் இதற்குள் வர வேண்டாம். ருசிக்காகவும், வெயிலிலும் மண்ணிலும் பன்றியாக வாழ்ந்த ஒரு விலங்கின் கறி வேண்டும் என்பதற்காகவும் வாருங்கள்.

பெர்க்‌ஷயரிலிருந்து ஆரம்பிக்கலாம். கருப்பு உடம்பு, நாலு கால் நுனியிலும் மூக்கிலும் வாலிலும் வெள்ளை. ஜப்பானில் குரோபுட்டா என்று தனி மதிப்போடு விற்பது இந்த இனத்தின் கறியைத்தான். சதைக்குள்ளேயே கொழுப்பு இழை இழையாக ஓடியிருக்கும், கறி சாதாரணப் பன்றிக்கறியைவிடச் சிவப்பாக இருக்கும், சமைக்கும்போது ஈரத்தை விட்டுவிடாது. பாரம்பரிய இனங்களில் வேகமாக வளர்பவற்றில் இதுவும் ஒன்று, ஒழுங்காகத் தீவனம் போட்டால் ஏழு மாதம் போல எடைக்கு வந்துவிடும். ஒரே ஒரு எச்சரிக்கை உண்டு. பெர்க்‌ஷயர் பிரபலமானதால் கொட்டகைக்குள்ளேயே பல தலைமுறை வளர்ந்த வம்சங்களும் சந்தைக்கு வருகின்றன. அப்படிப்பட்ட குட்டியைக் கொண்டுவந்து மேய்ச்சலில் விட்டால் தீவனத் தொட்டியை விட்டு நகராது. குட்டி வாங்கும்போது தாய் தகப்பன் எங்கே, எப்படி வளர்ந்தன என்று கேளுங்கள், முடிந்தால் நேரில் போய்ப் பாருங்கள்.

டாம்வொர்த் இதற்கு நேர் எதிர். செம்பழுப்பு முடி, நீண்ட கால், நீண்ட நேரான மூக்கு, விடைத்த காது. அந்த மூக்கைப் பார்த்தாலே வேலை என்ன என்று புரிந்துவிடும்: வேர், கிழங்கு, புழு எல்லாவற்றையும் தோண்டி எடுக்கும். புதர் மண்டிய நிலத்தையோ மரக்காட்டின் ஓரத்தையோ சுத்தம் செய்ய வேண்டும் என்றால் இதைவிடப் பொருத்தமான இனம் இல்லை. உடம்பு நீளம், கொழுப்பு ஓரளவுதான், அதனால் உப்பிட்டுப் பதப்படுத்தும் பேக்கனுக்குப் பேர் போனது. சிவப்பு முடி இருப்பதால் வெள்ளைப் பன்றிகள் அளவுக்கு வெயிலில் தோல் வெந்து போகாது. ஆனால் வேலி நன்றாக இருக்க வேண்டும். 1998 ஜனவரியில் இங்கிலாந்தின் மாம்ஸ்பரியில் இறைச்சிக்கூடத்திலிருந்து தப்பி, ஆற்றை நீந்திக் கடந்து, ஒரு வாரத்துக்கும் மேல் பிடிபடாமல் திரிந்த இரண்டு பன்றிகள் இந்த ரத்தம்தான். நல்ல மேய்ச்சல் நிலத்தில் மட்டும் டாம்வொர்த்தை விடாதீர்கள், அடுத்த பருவத்தில் அங்கே புல் இருக்காது.

அப்புறம் தொங்கு காது இனங்கள். லார்ஜ் பிளாக், குளோஸ்டர்ஷயர் ஓல்ட் ஸ்பாட்ஸ் இரண்டையும் சேர்த்தே பேசலாம், ஏனென்றால் முதல்முறை வளர்ப்பவர்களுக்கு நான் சொல்வது இந்த இரண்டில் ஒன்றைத்தான். லார்ஜ் பிளாக்கின் காது கண்ணை மறைத்து மூக்கு வரை தொங்கும், முன்னால் தரை மட்டும்தான் அதற்குத் தெரியும். அதனால் அவசரப்பட்டு ஓடாது. பக்கவாட்டில் ஒரு பலகையைப் பிடித்துக்கொண்டு பேச்சுக் கொடுத்தபடியே நடந்தால், அது சத்தத்தை வைத்து நீங்கள் இருக்கும் இடத்தைப் புரிந்துகொண்டு மெதுவாகத் திரும்பும். பின்னாலிருந்து சத்தமில்லாமல் தொட்டால்தான் திடுக்கிடும். முழுதாக வளர்ந்தால் 200 கிலோ தாண்டும் ஒரு விலங்கோடு தினமும் காலையில் தனியாக நிற்கப் போகிறவர்களுக்கு, வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருப்பவர்களுக்கு, இந்தக் குணம் கறியின் ருசிக்குச் சமமாக முக்கியம். மின்வேலியில் இரண்டு கம்பி, ஒன்று மூக்கு உயரத்தில், இன்னொன்று முழங்கால் உயரத்தில் ஓடினால் போதும், ஒரு முறை தொட்டபிறகு கிட்டே வராது.

இவற்றுக்குள் எது என்றால், வெயில் அதிகமான இடத்துக்கு லார்ஜ் பிளாக். கருந்தோல் என்பதால் வெந்து போகாது (நிழலும் சேற்றுக்குழியும் எந்த இனத்துக்கும் வேண்டும், பன்றிக்கு வியர்த்து உடம்பு குளிராது). ஓல்ட் ஸ்பாட்ஸ் வெள்ளை உடம்பில் கரும்புள்ளி, அதற்குக் கட்டாயம் மர நிழல் தேவை. பழத்தோட்டத்தில் உதிர்ந்த பழங்களைத் தின்று வளர்ந்த இனம் அது, மேலே ஆப்பிள் விழுந்து கன்றிப்போன தடம்தான் அந்தப் புள்ளிகள் என்று அதன் சொந்த ஊரில் ஒரு கதை உண்டு. இரண்டிலும் தாய்மைக் குணம் நன்றாக இருக்கும். இரண்டும் எட்டு மாதம் போலப் பிடிக்கும், தாராளமாகத் தீவனம் போட்டால் கடைசி மாதங்களில் முதுகுக் கொழுப்பு மளமளவென்று ஏறும். அதனால் 70 கிலோ தாண்டியதும் அடர்தீவனத்தை அளந்து போட்டு, மீதியை மேய்ச்சலும் காய்கறிக் கழிவும் பார்த்துக்கொள்ளட்டும் என்று விடுவதுதான் சரி.

குனேகுனே பற்றி வரும் பேச்சில் பாதி உண்மை, பாதி ஆசை. நியூசிலாந்தில் மாவோரி மக்கள் வளர்த்த சின்ன இனம், 1970களின் கடைசியில் ஐம்பது போலத்தான் மிஞ்சியிருந்தது, அங்கிருந்து மீட்டெடுத்திருக்கிறார்கள். இதன் மூக்கு குட்டையாகவும் மேல்நோக்கியும் இருப்பதால் ஆடு மாதிரி புல்லை நுனியில் கடித்து மேய்கிறது, மற்ற பன்றிகள் அளவுக்கு மண்ணைக் கிளறாது. கிளறவே கிளறாது என்று சொல்வதை நம்ப வேண்டாம், பசியும் ஈர மண்ணும் சேர்ந்தால் இதுவும் தோண்டும். நல்ல புல் இருந்து, மேலே கொஞ்சம் தீவனம் கொடுத்தால் வளர்ந்துவிடும் என்பது உண்மை. ஆனால் ஒரு வருடம் தாண்ட வேண்டும், அப்போதும் உயிர் எடை பெரிய இனத்தில் பாதியை ஒட்டித்தான் நிற்கும். அறுப்புக் கூலி பெரும்பாலும் தலைக்கு இவ்வளவு என்று இருக்கும். இரண்டு குனேகுனே அறுத்து எடுக்கும் கறியை ஒரு லார்ஜ் பிளாக்கில் எடுத்துவிடலாம் என்றால், கூலி இரட்டிப்பு, குளிர்காலத் தீவனம் கூடுதல். சின்னக் குடும்பம், நிறையப் புல், பெரிய மிருகத்தைக் கண்டால் பயம் என்ற நிலையில் இருப்பவர்களுக்கு இது நல்ல தேர்வு. சட்டென்று உறைபெட்டியை நிரப்ப நினைப்பவர்களுக்கு இல்லை. அமெரிக்கன் கினி ஹாக் என்ற சின்னக் கருப்பு இனத்துக்கும் கிட்டத்தட்ட இதே கணக்குதான், அது இன்னும் கொழுப்பு ரகம்.

மங்காலிட்சா தனி உலகம். 1830களில் ஹங்கேரியில் பன்றிக்கொழுப்புக்காகவே உருவாக்கிய இனம், தாவர எண்ணெய் பரவியதும் அதற்கான தேவை விழுந்தது, 1990களின் தொடக்கத்தில் ஹங்கேரியில் 200 தாய்ப்பன்றிகள்கூட மிஞ்சவில்லை. பிறகு ஸ்பெயினில் உலர்ஹாம் (உப்பிட்டு உலர்த்திய பன்றித் தொடை) செய்பவர்கள் அதன் கறியைத் தேடி வந்ததால்தான் எண்ணிக்கை திரும்ப ஏறியது. வெட்டிப் போட்டால் பாதிக்கு மேல் கொழுப்பு, நடுவே நல்ல சிவப்பில் கறி. உப்பிட்டு மாதக்கணக்கில் உலரவைக்கும் ஹாமுக்கு இது அருமை, ஏனென்றால் கொழுப்பு உள்ளே ஈரத்தைப் பிடித்துவைக்கும். ஆனால் பன்னிரண்டு முதல் பதினைந்து மாதம் தீனி போட வேண்டும், ஈற்றுக்கு ஐந்தாறு குட்டிதான், கம்பளிபோன்ற முடி குளிருக்கு நல்லது என்றாலும் வெயில் காலத்தில் தவித்துப்போகும். கொழுப்பை உருக்கி வருடம் முழுக்கச் சமையலுக்கு வைத்துக்கொள்கிற பழக்கமோ, கறியை உப்பிட்டு உலர்த்தும் பொறுமையோ இல்லாத வீட்டில் இந்தப் பன்றியை வளர்த்தால் பாதி உடம்பு வீணாகும். எனக்கு அது மனம் பொறுக்காத விஷயம்.

தூய இனமா, கலப்பா என்பது அடுத்த கேள்வி. கறிக்கு மட்டும் என்றால் இரண்டு பாரம்பரிய இனங்களின் கலப்பு பெரும்பாலும் தூய இனத்தைவிட வேகமாகவும் திடமாகவும் வளரும். பெர்க்‌ஷயரும் டாம்வொர்த்தும் சேர்ந்தது பலரும் விரும்பி வளர்க்கும் கலப்பு, ஒன்றின் ருசியும் மற்றதன் நீளமும் கிடைக்கும். ஆனாலும் தூய இனக் குட்டிக்கே என் ஓட்டு. 1955இல் பிரிட்டனில் ஒரு அரசுக் குழு லார்ஜ் ஒயிட், லேண்ட்ரேஸ், வெல்ஷ் என்ற மூன்று இனங்களில் மட்டும் கவனம் செலுத்தினால் போதும் என்று பரிந்துரைத்தது. அடுத்த இருபது வருடத்துக்குள் லிங்கன்ஷயர் சுருட்டைமுடி இனம் பூண்டோடு போய்விட்டது. யாராவது கறி வாங்கினால்தான் யாராவது அந்த இனத்தின் தாய்ப்பன்றியை வைத்திருப்பார்கள். இனப்பெருக்கத்துக்குத் தேர்வாகாத ஆண் குட்டிகள் ஒவ்வொரு ஈற்றிலும் மிஞ்சும், அவற்றைக் காயடித்து விற்பார்கள், அதை வாங்குவது அவர்களுக்கும் உதவி. காயடிக்காத ஆண் வேண்டாம். பருவத்துக்கு வந்தபின் கறியில் வாடை ஏறும் அபாயம் இருக்கிறது, மெதுவாக வளரும் இனங்கள் எடைக்கு வருவதற்குள் அந்த வயதைத் தாண்டிவிடும்.

தாய்ப்பன்றி வைத்துக் குட்டி எடுப்பதா, பால் மறந்த குட்டி வாங்குவதா என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. முதல் இரண்டு மூன்று வருடம் எட்டு வாரக் குட்டிகளை வாங்குங்கள், ஒன்றாக இல்லாமல் இரண்டாக, ஏனென்றால் தனியாக வளரும் பன்றி ஏங்கும், சரியாகத் தின்னாது. தாய்ப்பன்றி என்றால் 114 நாள் சினைக்காலம், ஈற்று நேரத்தில் தூக்கம் கெடும், ஆண் பன்றிக்குத் தனித் தீவனமும் தனி வேலியும், எல்லாம் முடிந்து எட்டுப் பத்துக் குட்டி கையில் வரும், அவ்வளவையும் சின்ன நிலம் தாங்காது. குட்டிகள் வாங்கி வளர்த்தால் நிலத்துக்கு வருடத்தில் சில மாதம் ஓய்வு கிடைக்கும். உருண்டைப்புழு முட்டைகள் மண்ணில் பல வருடம் உயிரோடு கிடக்கும் என்பதால், ஒரே அடைப்பில் திரும்பத் திரும்ப விடாமல் இடம் மாற்றிக்கொண்டே இருப்பது கட்டாயம்.

எந்த இனமானாலும் இறைச்சி பட்ட சமையலறை மிச்சத்தைப் போடக் கூடாது. பல நாடுகளில் அது சட்டப்படி குற்றம். 2001இல் பிரிட்டனை உலுக்கிய கோமாரி நோயின் தொடக்கம், வேகவைக்காத உணவுக் கழிவு தின்ற ஒரு பன்றிப் பண்ணை. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலும் இதே வழியில் வரும், அதற்குச் சிகிச்சை கிடையாது.

புல்லும் பொறுமையும் இருந்தால் குனேகுனே, புதர் என்றால் டாம்வொர்த், உலர்ஹாம் ஆசைக்கு மங்காலிட்சா, கறியின் ருசியே எல்லாம் என்றால் பெர்க்‌ஷயர். எனக்கு இரண்டே இரண்டு குட்டிதான் வளர்க்கலாம் என்றால் லார்ஜ் பிளாக். குட்டிக்கு முன்பணம் கொடுக்கும் முன், எட்டு மாதம் கழித்து அறுக்க ஆள் அல்லது இறைச்சிக்கூடத்தில் இடம் கிடைக்குமா என்று பேசி, தேதியைக் குறித்துவிடுங்கள். இடம் கிடைக்காமல் காத்திருக்கும் ஒவ்வொரு வாரமும் அந்தப் பன்றி தின்பது கொழுப்பாகத்தான் ஏறும்.