தண்ணீரில் எண்ணெய் பார்க்க: ஒளிர்வு சென்சாரா, சிதறல் சென்சாரா?

ஓடும் பைப்பிலேயே எண்ணெய் அளவைப் பார்க்க, ஒளியை வைத்து வேலை செய்யும் சென்சார்களில் பெரும்பாலும் இந்த இரண்டுக்கும்தான் போட்டி. என் ஓட்டு ஒளிர்வுக்கே. ஒரு விதிவிலக்கு, கப்பலின் பில்ஜ் தண்ணீர், அதாவது அடித்தளத்தில் தேங்கும் எண்ணெய் கலந்த நீர். அங்கே 15 பிபிஎம் (பத்து லட்சத்தில் 15 பங்கு) வரம்பு. 2005 ஜனவரி முதல் பொருத்தப்பட்ட கருவிகள் சர்வதேச கடல்சார் அமைப்பின் கடல் சூழல் பாதுகாப்புக் குழுவுடைய எம்.இ.பி.சி. 107(49) தீர்மானப்படி வகை ஒப்புதல் பெற்றிருக்க வேண்டும். அப்படி வருபவை பெரும்பாலும் சிதறல் வகைதான்.

சிதறல் சென்சார் எளிமையானது: கண்ணாடிக் குழாய், ஒரு எல்.இ.டி., நேரெதிரே ஒன்றும் பக்கவாட்டில் ஒன்றிரண்டுமாக டிடெக்டர்கள். விலை குறைவு, பதில் சில நொடிகளில். ஆனால் அது பார்ப்பது எண்ணெயை அல்ல, ஒளியைச் சிதறடிக்கும் துளியை. துரு, புகைக்கரி, காற்றுக்குமிழி எல்லாமே அதற்குத் துளிதான். பல கோணங்களில் அளந்து கழித்தாலும் கொஞ்சம் மிச்சம் நிற்கும். சென்ட்ரிஃபியூகல் பம்ப் துளிகளை அரைத்துப் பொடியாக்கிவிட்டால், எண்ணெய் அதே அளவு இருந்தும் ரீடிங் மாறும். கரைந்த எண்ணெய் கண்ணிலேயே படாது.

ஒளிர்வு சென்சார் 254 நானோமீட்டர் போன்ற புற ஊதாக் கதிரை அனுப்பி, எண்ணெயிலுள்ள அரோமாட்டிக் வளையங்கள் (பென்சீன் போன்ற கார்பன் வளையங்கள்) 360 நானோமீட்டர் சுற்றுவட்டாரத்தில் திருப்பி உமிழும் ஒளியை எண்ணுகிறது. துரு ஒளிராது, குமிழி ஒளிராது. கரைந்ததும் கணக்கில் வரும்.

இனி முக்கியமான விஷயம்: ஜன்னல், அதாவது ஒளி நீருக்குள் போய்வரும் கண்ணாடி. பராமரிப்பு என்றால் முக்கால்வாசி அதுதான். சிதறல் கருவியில் இரண்டு பாதைகளின் விகிதத்தை எடுப்பதால் அழுக்கு ஓரளவு ஈடாகிவிடும். மீறினால் அலாரம் அடித்துக் காட்டிக்கொடுக்கும். ஒளிர்வில் அழுக்கு இரண்டு விதமாக ஏமாற்றும். எண்ணெய்ப் படலம் ஒட்டினால் அதுவே ஒளிர்ந்து, சுத்தமான தண்ணீரிலும் சில பிபிஎம் காட்டும். துருவோ சுண்ணாம்போ படிந்தால் ஒளியை மறைத்து ரீடிங்கை இறக்கிவிடும். இரண்டாவதுதான் ஆபத்து, இறங்கிய ரீடிங்கை யாரும் சந்தேகப்படுவதில்லை.

அதனால் துடைக்கும் முன் நல்ல தண்ணீரை ஓடவிட்டு ஜீரோவைக் குறித்துக்கொள்ளுங்கள். கருவியோடு வரும் திட ஒளிர்வுத் துண்டை வைத்து ஸ்பானையும் (தெரிந்த அளவுக்கு எவ்வளவு காட்டுகிறது என்பதை) பாருங்கள். பிறகு லேசான சோப்பு நீர், அடுத்து ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால், துருக்கறைக்கு நீர்த்த சிட்ரிக் அமிலம். முடிந்ததும் அதே இரண்டு ரீடிங்கும் மறுபடி. வித்தியாசம்தான் அடுத்த துடைப்பு எத்தனை நாளில் என்று சொல்லும். வெண்மை கூட்டும் சலவைத்தூள் வேண்டாம். 365 நானோமீட்டர் கருவிகளில் அதன் மிச்சமே எண்ணெயாகத் தெரியும். ஜன்னலே நீரைத் தொடாமல், விழும் நீர்த்தாரையைப் பார்க்கும் மாடல்களும் உண்டு. படிவுத் தொல்லை தீரும். தாரை சீராக விழவேண்டும், லென்ஸில் ஆவி படியக்கூடாது என்ற புதுக்கவலைகள் வரும்.

ஒளிர்வின் மெய்யான பலவீனம் காலிபரேஷன், அதாவது ரீடிங்கை உண்மையான எண்ணெய் அளவோடு பொருத்துவது. எண்ணெய்க்கு எண்ணெய் அரோமாட்டிக் பங்கு வேறு. டீசலுக்குப் பொருத்திய எண் லூப் ஆயிலுக்குப் பொருந்தாது. மாதிரி எடுத்து ஆய்வகத்தில் சரிபார்க்கத்தான் வேண்டும்: செங்குத்தாக மேலேறும் பைப்பிலிருந்து, கண்ணாடிப் பாட்டிலில், பி.ஹெச். 2-க்குக் கீழே அமிலம் சேர்த்து. பாட்டிலில் இருப்பதில் பாதியை ஊற்றி எடுத்தால் கணக்குத் தப்பும். எண்ணெய் சுவரில் ஒட்டியிருக்கும். முழுவதையும் கரைப்பானால் பிரித்தெடுத்து, பாட்டிலையும் அதே கரைப்பானால் அலசிச் சேர்க்கவேண்டும்.

சமையல் எண்ணெய், நன்கு சுத்திகரித்த வெள்ளை எண்ணெய் போன்றவை மட்டும் வரும் இடத்தில் என் சிபாரிசு செல்லாது. ஒளிர அங்கே அனேகமாக ஒன்றுமில்லை, சிதறலே சரி. இலைமக்கு அதிகமுள்ள ஆற்றுநீரிலும் ஒளிர்வை அடித்துச் சொல்லத் தயக்கம்தான், மக்கிய இலையிலிருந்து வரும் ஹ்யூமிக் பொருள்களும் ஒளிரும்.

எண்ணெய் மிக அதிகமானால் கதிர் முதல் சில மில்லிமீட்டரிலேயே உறிஞ்சப்பட்டு, ஒளிர்வு ரீடிங் ஏறாமல் இறங்கத் தொடங்கும். சந்தேகம் வந்தால் மாதிரியைப் பத்து மடங்கு நீர்த்துப் பாருங்கள். ரீடிங் பத்தில் ஒன்றாகக் குறையாவிட்டால், முதலில் காட்டிய எண் பொய்.