ஏழு மழைக்காலம் கண்ட செடிப்பைகள்

காட்பாடியில் எங்கள் வீட்டு மொட்டை மாடிக்காக 2018 ஆடியில் 24 செடிப்பைகள் வாங்கினேன். 15 அங்குல அகலமும் அதே அளவு உயரமும் கொண்ட, 220 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 220 கிராம் எடை) வகையைச் சேர்ந்த, எச்டிபிஇ எனும் கெட்டியான பிளாஸ்டிக்கால் நெய்த பச்சை நிறப் பைகள் அவை. ஏழு வடகிழக்குப் பருவமழைகளைக் கடந்து, அவற்றில் 17 பைகள் இன்றும் பயன்பாட்டில் உள்ளன. வேலூர் வெயிலை இவை தாங்குமா என்றுதான் பலரும் கேட்கிறார்கள். வெயிலை ஓரளவு நன்றாகவே தாங்கின. என்னைத் தவிக்க வைத்தது ஐப்பசி, கார்த்திகை மழைதான்.

பாலாற்றில் வெள்ளம் புரண்டோடிய 2021 நவம்பரில், காய்க்கத் தொடங்கியிருந்த முள்ளுக் கத்திரிச் செடிகள் ஆறும் ஒரே வாரத்தில் தலை சாய்ந்தன. மண் சொதசொதவென்று ஈரமாக இருக்கும்போதே இலைகள் வாடியதால் முதலில் நோய் என்றே எண்ணினேன். ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தபோது, பழுப்பேறிய வேரின் தோல் விரலோடு உரிந்து வந்து, உள்ளே நூல் போன்ற நரம்பு மட்டும் நின்றது. அழுகல் நாற்றமும் வீசியது. பையின் அடியில் இருந்த நான்கு சிறு துளைகளையும் பழைய வேர்களும் தென்னை நார்க்கழிவும் அடைத்துக்கொண்டிருந்தன. இலவம்பாடியிலிருந்து தேடி வாங்கி வந்த விதை அது. 2023 இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தக் கத்திரியை அவ்வாறு இழந்தது இன்றும் மனத்தை உறுத்துகிறது.

அதன்பின் ஒவ்வோர் ஆண்டும் புரட்டாசி முடிவதற்குள் பைகளைப் பாதியளவு காலி செய்து, துளைகளைச் சுத்தம் செய்கிறேன். புதிய துளை தேவைப்பட்டால், கத்தியால் கிழிக்காமல் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் குத்துவதே நல்லது. விளிம்பு உருகி இறுகிவிடுவதால் நெசவு பிரிந்து வராது. ஒவ்வொரு பையையும் இரண்டு செங்கற்கள் மீது வைப்பதால் அடிநீர் தேங்காமல் வெளியேறுகிறது, தளமும் காய்கிறது. கலவையில் மூன்றில் ஒரு பங்காக இருந்த நார்க்கழிவை ஐந்தில் ஒரு பங்காகக் குறைத்து, மணலைக் கூட்டினேன். மக்கிய எருவுடன் வேப்பம் புண்ணாக்கும், வேரழுகலைத் தடுக்கும் நன்மை செய்யும் பூஞ்சையான டிரைகோடெர்மா விரிடியும் கலந்து இடுகிறேன். இந்த மாற்றத்துக்குப் பிறகு வேரழுகலால் ஒரு செடியும் போகவில்லை.

நிழல்வலையையும் அதே நாட்களில் கழற்றிவிடுகிறேன். சூரியன் தெற்கே சாயும் பருவத்தில் கிடைக்கிற வெயிலை மறைப்பது செடிக்குக் கேடு. மாசிக் கடைசியில் மீண்டும் கட்டினால் போதும்.

மார்கழிப் பனியில் மாலை நேரத்தில் நீர் ஊற்றுவதை அறவே நிறுத்தி, காலையில் வெயில் ஏறிய பிறகு வேரில் மட்டும் ஊற்றுகிறேன். ஆடியில் விதைத்த அவரை பகற்பொழுது குறுகும்போதுதான் கொத்துக் கொத்தாகப் பூக்கிறது. அந்த இளங்கொத்துகளை அசுவினி எனும் சாறு உறிஞ்சும் சிறு பூச்சி மொய்க்கும். ஒரு லிட்டர் நீரில் 5 மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது காதி சோப்புக் கரைசலுடன் கலந்து வாரம் ஒருமுறை தெளித்தால் கட்டுப்படுகிறது.

பழுதான ஏழு பைகளில் ஐந்து, கைப்பிடித் தையல் விட்டதால் கிழிந்தவை. மழையில் ஊறிய பையைக் கைப்பிடியில் தூக்கியது என் தவறு. இப்போது அடியில் கைகொடுத்து இருவராகத்தான் நகர்த்துகிறோம். கத்திரிக்கும் மிளகாய்க்கும் இந்த அளவு போதும். அவரைக்கு இது சிறிது. அடுத்த ஆடிக்கு 24 அங்குல அகலப் பைகள் நான்கு வாங்கவிருக்கிறேன், துளைகளை எண்ணிப் பார்த்த பிறகு.