என்பிடெல் பாடமா, சுயகற்றல் பாடமா: மூன்று கிரெடிட்டின் கணக்கு

பொறியியல் படிப்பின் ஐந்தாம் பருவத்தில் ஒரு விருப்பப் பாடத்தை என்பிடெல் என்ற இணையவழிப் பாடத் திட்டத்தின் வழியாகவும், ஆறாம் பருவத்தில் இன்னொன்றைக் கல்லூரியின் சுயகற்றல் பாடமாகவும் படித்தேன். இரண்டுக்கும் மூன்று கிரெடிட்; கிரெடிட் என்பது சராசரியில் ஒரு பாடத்துக்குள்ள எடை. இரண்டுக்கும் வகுப்பு கிடையாது. இரண்டின் தரமும் (கிரேடு) சி.ஜி.பி.ஏ.வில், அதாவது எல்லாப் பருவங்களுக்குமான தரப்புள்ளிச் சராசரியில், சேர்ந்தது. எங்கள் இயந்திரவியல் துறையின் இளைய மாணவர்கள் ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் எதை எடுப்பது என்று கேட்பதால் இதை எழுதுகிறேன். பாடம் கடினமானது என்றால் சுயகற்றலே மேல் என்பது என் முடிவு. அந்தச் சாய்வோடுதான் எழுதுகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எல்லோருக்கும் தெரிந்தவற்றைச் சுருக்கமாகக் கடந்துவிடலாம். ஏழு ஐ.ஐ.டி.க்களும் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனமும் சேர்ந்து 2003-இல் தொடங்கிய என்பிடெல்லின் பாடங்கள் இன்று மத்திய அரசின் இணையக் கல்வித் தளமான ஸ்வயத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன; தேர்வுக்கு மட்டும் கட்டணம் உண்டு. நான்கு வாரப் பாடத்துக்கு ஒரு கிரெடிட், எட்டு வாரத்துக்கு இரண்டு, பன்னிரண்டு வாரத்துக்கு மூன்று. ஒரு பருவத்தில் ஒரு படிப்புக்கு வழங்கப்படும் பாடங்களில் 20 விழுக்காடு வரை ஸ்வயம் வழியாகப் படிக்கலாம் என்று 2016-இல் அனுமதித்த பல்கலைக்கழக மானியக் குழு, 2021-இல் அந்த வரம்பை 40 ஆக உயர்த்தியது. சுயகற்றல் பாடம் அவ்வளவு பெரிய ஏற்பாடு அன்று. எங்களுடையது போன்ற தன்னாட்சிக் கல்லூரிகளில், துறை ஒரு பாடத்திட்டத்தையும் ஒரு வழிகாட்டி ஆசிரியரையும் கொடுத்துவிடும். நாமே படித்து, எல்லோரையும் போலப் பருவத் தேர்வு எழுத வேண்டும். விரிவுரையின் தரத்தைப் பொறுத்தவரை ஒப்பீட்டுக்கே இடமில்லை; அதில் என்பிடெல்தான் மேல். நேர வசதியிலும் அப்படியே.

இரண்டையும் உண்மையில் பிரிப்பது, எழுதியது மதிப்பெண்ணாகவும் மதிப்பெண் தரமாகவும் மாறும் விதம். பதிவு செய்யும் நாளில் யாரும் கேட்காத கேள்வி இது, நானும் கேட்கவில்லை.

என்பிடெல்லில் வார அசைன்மென்டுகளுக்கு 25, நேரில் சென்று எழுதும் தேர்வுக்கு 75. பன்னிரண்டு வாரப் பாடத்தில் சிறந்த எட்டு அசைன்மென்டுகளின் சராசரியை எடுப்பார்கள் என்பதாலும், விடைகள் விடுதி அறைக்கு அறை சுற்றிவரும் என்பதாலும், அந்த 25-இல் 22-க்குக் குறைந்தவரை நான் அதிகம் பார்த்ததில்லை. எனவே தரத்தை முடிவு செய்வது தேர்வு ஒன்றுதான். அது பெரும்பாலும் சரியான விடையைத் தெரிவு செய்வதாகவோ, ஓர் எண்ணை நிரப்புவதாகவோ அமைந்திருக்கும். நான் எடுத்தது வெப்பப் பரிமாற்றத்தின் உயர்நிலைப் பாடம். சமன்பாட்டைச் சரியாக அமைத்து, எல்லை நிபந்தனைகளையும் சரியாக இட்டு, கடைசியில் அலகு மாற்றத்தில் சறுக்கினால், அந்தக் கேள்விக்கு விடையே எழுதாதவருக்கும் எனக்கும் வேறுபாடு இருக்காது. எனக்கு 75-இல் 49 வந்தது. அசைன்மென்டின் 23-ஐச் சேர்த்தால் 72. தவறு என்னுடையது, அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

குறை அதற்குப் பிறகு வந்தது. 72 என்பது என்பிடெல் சான்றிதழில் எலைட் என்ற சிறப்புப் பிரிவு. மதிப்பெண்ணைத் தரமாக மாற்றும் எங்கள் கல்லூரியின் அட்டவணையிலோ 71 முதல் 80 வரை ஏ தரம், அதாவது 8 புள்ளி. அந்த அட்டவணை, பாடம் எது என்று பார்ப்பதில்லை. வகுப்பில் நடக்கும் பாடத்தில் முப்பது பேருக்கு மேல் தேறினால், வகுப்பின் சராசரியை வைத்துத் தரம் பிரிப்பது எங்கள் கல்லூரியின் வழக்கம்; கடினமான வினாத்தாளில் 72 வாங்கியவர் 9 புள்ளி பெற்றதும் உண்டு. என்பிடெல்லிலிருந்து வரும் மதிப்பெண்ணுக்கு அந்தச் சலுகை இல்லை. நாடு முழுவதும் அதே பாடத்தை எழுதியவர்களில் முதல் ஐந்து விழுக்காட்டுக்குள் நீங்கள் வந்து, சான்றிதழும் அதைச் சொன்னாலும், அட்டவணை எண்ணை மட்டுமே படிக்கும். அதே பருவத்தில் மென்திறன் பாடம் எடுத்த என் அறைத்தோழன் 92 வாங்கி 10 புள்ளி பெற்றான். அவன் மீது எனக்குப் பொறாமை இல்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் பிழை அவனிடத்தில் இல்லை. எளிய பாடத்தைத் தேடிப் போகச் சொல்வது அட்டவணைதான். பிற்பாடு எங்கள் வகுப்பில் பாதிப் பேர் பாடத்தின் பெயரைப் பார்க்கும் முன்பே முந்தைய ஆண்டு எத்தனை பேர் 90-ஐத் தாண்டினார்கள் என்று விசாரிக்கத் தொடங்கியதில் வியப்பு ஒன்றும் இல்லை.

இரண்டு புள்ளி வேறுபாடு எவ்வளவு பெரியது? மூன்று கிரெடிட்டுக்கு ஆறு. 22 கிரெடிட் கொண்ட ஒரு பருவத்தில் அது அந்தப் பருவத்தின் சராசரியை 0.27 அளவு நகர்த்தும். நான்கு ஆண்டுகளின் 160 கிரெடிட்டில் பரப்பினால் 0.04-கூட வராது; அதற்காக இவ்வளவு புலம்ப வேண்டுமா என்று கேட்பது நியாயம். ஆனால் வளாக நேர்காணல் ஏழாம் பருவத் தொடக்கத்தில் வருகிறது. அப்போது கணக்கில் இருப்பது ஏறத்தாழ 125 கிரெடிட். கடினமான மூன்று பாடங்களை இப்படி எடுத்தவருக்கு இழப்பு 18-ஐ 125-ஆல் வகுத்தது, அதாவது 0.14. 7.5 கேட்கும் நிறுவனத்தின் பட்டியலில் 7.4-க்கு இடமில்லை.

சுயகற்றல் பாடத்தில் நான் எடுத்தது இரைச்சலும் அதிர்வும் பற்றியது; அதுவும் எளிதானதன்று. எங்கள் குழுவில் ஆறு பேர். முப்பதுக்குக் கீழே என்பதால் இங்கும் நிலையான அட்டவணையே பொருந்தும். சராசரியின் சலுகை இங்கும் இல்லை. ஆனால் மதிப்பெண்ணே வேறு வழியில் உருவாகிறது. இரண்டு இடைத்தேர்வுகளும் ஓர் அறிக்கையும் சேர்ந்து 40, பருவத் தேர்வு 60, எல்லாம் கையால் எழுதும் விடைகள். முதல் இடைத்தேர்வில் ஒரு கணக்கின் இயல் அதிர்வெண்ணைக் கண்டுபிடிக்கையில் மில்லிமீட்டரை மீட்டராக மாற்ற மறந்தேன். முறை சரி என்பதால் பத்துக்கு எட்டு கிடைத்தது, விடைத்தாளின் ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு வட்டமும் கிடைத்தது. அடுத்த இரண்டு தேர்வுகளிலும் அந்தப் பிழையை நான் செய்யவில்லை. பருவத் தேர்வின் விடைத்தாள் நகலைக் கேட்டுப் பெறலாம், மறுமதிப்பீட்டுக்கும் விண்ணப்பிக்கலாம். முடிவில் எனக்கு 84 வந்தது. ஏ பிளஸ், 9 புள்ளி. நான் வெப்பப் பரிமாற்றத்தைவிட அதிர்வை நன்றாகப் படித்தேன் என்று சொல்ல மாட்டேன். நான் அறிந்ததில் எவ்வளவு தாளில் தெரிந்ததோ அவ்வளவுக்கு மதிப்பெண் வந்தது என்று சொல்வேன்.

இங்கே ஒரு சந்தேகம் எழும்: பாடத்திட்டம், வினாத்தாள், மதிப்பீடு எல்லாம் ஒரே ஆசிரியரிடம் இருந்தால் மதிப்பெண்ணை வாரி வழங்கமாட்டாரா? எங்களுக்குப் பருவத் தேர்வின் வினாத்தாள் வெளியிலிருந்து வந்தது. ஆறு பேரில் ஒருவர் அரியரும் வைத்தார். ஆனால் நான் கண்டது ஒரு வழிகாட்டியை மட்டுமே. அவர் புதன்கிழமை கடைசி மணி நேரத்தைத் தவறாமல் எங்களுக்கு ஒதுக்கினார். அந்த நேரம் அவருடைய பணிச்சுமைக் கணக்கில் சேராது என்பது பிறகுதான் தெரிந்தது. கையெழுத்து வாங்க மட்டும் மாணவரைச் சந்திக்கும் வழிகாட்டி அமைந்திருந்தால் இந்தக் கட்டுரை வேறு பக்கம் சாய்ந்திருக்கலாம்.

தோல்வியின் கணக்கும் வேறு. என்பிடெல்லில் 40 வாங்கினால் சான்றிதழ் உண்டு. எங்கள் கல்லூரி கிரெடிட் கொடுக்க 50 கேட்கிறது. இடையில் 45-இல் நிற்பவர் கையில் சான்றிதழ் இருக்கும், கிரெடிட் இருக்காது. ஆனால் மதிப்பெண் பட்டியலில் தோல்வி என்ற பதிவும் ஏறாது, வேறு பாடத்தை எடுத்து அந்த இடத்தை நிரப்பிக்கொள்ளலாம். சுயகற்றலில் தவறினால் அது முறையான அரியர். பயம் அதிகமுள்ளவர்களுக்கு என்பிடெல் இந்த ஒன்றுக்காகவே பொருந்தலாம். எளிய பாடத்தை எடுக்கிறவர்களுக்கும் அதுவே லாபம். அதை மறைக்க விரும்பவில்லை. கடைசிப் பருவத்தில் இரண்டையும் நான் முயன்றதில்லை, ஆகவே முடிவுகள் தாமதமாக வந்தால் பட்டச் சான்றிதழ் என்ன ஆகும் என்பதை மூத்தவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஏழாம் பருவத்திலும் சுயகற்றலே வேண்டும் என்று துறைத்தலைவரிடம் போய் நின்றேன். குறைந்தது ஐந்து பேர் பதிய வேண்டும் என்பது விதி. நாங்கள் மூவர்தான் இருந்தோம். மற்றவர்கள் எல்லாம் மென்திறன் பாடத்துக்குப் போய்விட்டார்கள்.