செமஸ்டர் கணக்கு: சிங்கப்பூரில் நான்கு வருடம் பயன்படுத்திப் பார்த்ததில்

சிங்கப்பூரில் படிக்க வருகிறவர்கள் மாத பட்ஜெட் போடத் தேவையில்லை என்பது என் கருத்து. நமக்கு மாதச் சம்பளம் கிடையாது. பணம் வருவதும் போவதும் செமஸ்டரை ஒட்டித்தான்: ஆகஸ்டிலும் ஜனவரியிலும் கட்டணம், அறை மாறினால் முன்பணம், மே முதல் ஜூலை வரை விடுமுறை வேலை. மாதவாரியாகப் பார்த்தால் ஆகஸ்ட் பயமுறுத்தும், அக்டோபரில் கை தாராளமாக இருப்பது போலத் தோன்றும். இரண்டுமே உண்மை நிலவரம் இல்லை.

இளநிலைப் படிப்பு முழுக்க நான் வைத்திருந்தது ஒரு கூகுள் ஷீட்டும் இரண்டு வங்கிக் கணக்குகளும்தான். செமஸ்டருக்கு ஒரு பக்கம். ஊரிலிருந்து வருவதெல்லாம் பெரிய கணக்குக்குப் போகும். ஞாயிற்றுக்கிழமை தோறும் வாரச் செலவுக்கு மட்டும் சின்னக் கணக்குக்கு மாற்றிக்கொள்வேன். கார்டும், ஃபோன் எண்ணை வைத்துப் பணம் அனுப்பும் பேநவ் (PayNow) வசதியும் சின்னக் கணக்கில் மட்டும். கையில் உள்ள மொத்தத்தில் கட்டணம், வாடகை, விமான டிக்கெட் ஆகியவற்றைக் கழித்து, அடுத்த பணம் வரும் வரை உள்ள வாரங்களால் வகுத்தால் வாரத் தொகை வந்துவிடும். வகுப்பு நடக்கும் வாரங்களை மட்டும் எண்ணக் கூடாது, டிசம்பர் விடுமுறையிலும் சாப்பிட வேண்டுமே.

இதன் பெரிய பலம், தேர்வு நேரத்தில் ஷீட்டைத் திறக்காவிட்டாலும் ஒன்றும் கெட்டுப்போகாது. சின்னக் கணக்கின் இருப்பே எவ்வளவு மிச்சம் என்று சொல்லிவிடும்.

ஷீட்டில் நான் மிகவும் மதிக்கும் வரி 'உண்மை விகிதம்'. அப்பா கணக்கில் கழிந்த ரூபாயை, இங்கே வந்து சேர்ந்த வெள்ளியால் (சிங்கப்பூர் டாலர்) வகுத்து எழுதுவேன். வங்கி காட்டும் விகிதம் ஒன்று. அனுப்பும் கட்டணம், அதன் மேல் ஜிஎஸ்டி, நடுவில் உள்ள வங்கி பிடித்துக்கொள்வது எல்லாம் போக நமக்கு விழுவது வேறு. எந்த வழியில் அனுப்பினால் லாபம் என்று விளம்பரத்தைப் பார்த்து முடிவு செய்யாமல் இந்த எண்ணை வைத்து முடிவு செய்யலாம். நிலையான கட்டணம் ஒவ்வொரு முறையும் விழுவதால், சிறுசிறு தொகையாக அனுப்புவது கட்டுப்படியாகாது என்பதும் இதில் தெரிந்துவிடும்.

'திரும்பி வரும் பணம்' என்று இன்னொரு பகுதி. இந்தியாவிலிருந்து ஓராண்டில் 10 லட்சம் ரூபாய்க்கு மேல் அனுப்பினால் டிசிஎஸ் என்ற வரியை வங்கி முன்கூட்டியே பிடிக்கும் (2025 ஏப்ரலுக்கு முன் இந்த வரம்பு 7 லட்சம்). அது செலவு அல்ல. அனுப்பியவர் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம், அல்லது திரும்பப் பெறலாம். அறை முன்பணமும் அப்படித்தான். நான் வீவக (HDB, அரசின் வீடமைப்புக் கழகம்) வீடு ஒன்றில் 900 வெள்ளிக்கு அறை எடுத்திருந்தேன். ஒரு மாத வாடகை முன்பணம், ஓராண்டு ஒப்பந்தத்துக்கு 0.4 சதவீத முத்திரை வரி 43 வெள்ளி. வரி போனது போனதுதான், அதனால் செலவில். முன்பணம் திரும்பி வரும் பகுதியில். காலி செய்தபோது வீட்டுக்காரர் சுவரில் ஆணித்துளை என்று 150 வெள்ளியைப் பிடித்துக்கொள்ளப் பார்த்தார். குடிவந்த அன்று எடுத்த படங்களின் லிங்க் அந்த வரியிலேயே இருந்தது. அனுப்பினேன், முழுத் தொகையும் வந்தது. வீவக அறைக்குக் குறைந்தது 6 மாத ஒப்பந்தம் என்பதால் ஒரு செமஸ்டர் மட்டும் இருக்க வருகிறவர்கள் இதை முதலிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும்.

சாப்பாட்டைப் பற்றி அம்மா ஃபோனில் சொல்வது ஒன்றுதான்: "எதுல வேணா மிச்சம் புடி, வயித்துல புடிக்காதப்பா." அதை நான் முழுமையாக ஏற்கிறேன். பல்கலைக்கழக கேன்டீனிலும் கோப்பிக்கடையிலும் கட்டுப்படியாகிற விலையில் நன்றாகவே சாப்பிடலாம். சனிக்கிழமை காலையில் லிட்டில் இந்தியாவில் உள்ள தேக்கா சந்தைக்குப் போய்க் காய்கறி வாங்கி வந்தால் இரவுச் சமையலும் ஆகும். இரண்டு தோசை ஊர்க்காசில் எவ்வளவு என்று பெருக்கிப் பார்ப்பதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். பசியோடு நிற்பவனை அந்தக் கணக்கு சாப்பிட விடாது. ரூபாய்க் கணக்கு பணம் அனுப்பும் நாளுக்கு மட்டும் போதும்.

பகுதிநேர வேலை: மனிதவள அமைச்சின் பட்டியலில் உள்ள கல்வி நிலையத்தில் முழுநேரம் படிப்பவர்கள் வகுப்புக் காலத்தில் வாரம் 16 மணி நேரம் வரை வேலை செய்யலாம், விடுமுறையில் அந்த வரம்பு இல்லை. தனியார் கல்லூரி மாணவர்கள் பெரும்பாலோருக்கு இந்தச் சலுகை கிடையாது. "அங்க போய் வேலை பாத்துச் சமாளிச்சுக்கலாம்" என்று ஏஜென்ட் சொல்வதை நம்பிக் கடன் வாங்காதீர்கள், பட்டியலைப் பாருங்கள். எனக்கு வந்த சம்பளம் கையில் விழுந்த பிறகே பெரிய கணக்கில் ஏறும். வருமென்று நினைத்து வாரத் தொகையைக் கூட்டியதில்லை.

குறைகளும் உண்டு. எல்லாம் கையால் பதிய வேண்டும். அறைத் தோழர்களோடு பங்கிடும் மின்சாரம், தண்ணீர் பில் பின்னால் வருவதால் இதில் சரியாகப் பொருந்துவதில்லை, அதற்குப் பங்கு பிரிக்கும் செயலி ஒன்று தனியாகத் தேவைப்பட்டது. சின்னக் கணக்கு எப்போதும் வற்றியே இருக்கும், ஆகவே சராசரி இருப்பு குறைந்தால் கட்டணம் பிடிக்கும் கணக்கைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. மாத உதவித்தொகை வாங்கும் ஆராய்ச்சி மாணவர்களுக்கு இந்த முறை வேண்டாம், மாதக் கணக்கே போதும். ஆகஸ்டில் புதிதாக வருகிறவர்கள் முதல் செமஸ்டருக்கு மட்டும் வாரத் தொகையை வகுப்பதற்கு முன் மெத்தை, பாத்திரம், சிம் கார்டுக்கென்று ஒரு தொகையை ஒதுக்கிவிடுங்கள். சீனியர்கள் விட்டுப்போகும் சாமான்கள், பழைய பொருட்களை வாங்கி விற்கும் கேரசல் (Carousell) செயலியில் மலிவாகக் கிடைக்கும்.