ஏ பாடியா, ஈ பாடியா? பழைய அமெரிக்க, கனடியக் கார்களோடு என் அனுபவம்

பழைய அமெரிக்கக் கார் வைத்திருப்பவருக்குக் காரின் பெயரைவிட அதன் பாடி எழுத்து, அதாவது ஒரே அடிப்படை அமைப்பில் செய்த கார்களுக்கு நிறுவனம் கொடுத்த குறியெழுத்து, முக்கியம். பிரேக், சஸ்பென்ஷன், கண்ணாடி எதைத் தேடினாலும் விற்பவர் முதலில் கேட்பது அதைத்தான். ஒன்டாரியோவில் பல வருடங்களாக ஒரு 1970 டாட்ஜ் டார்ட்டை ஓட்டியும் பழுது பார்த்தும் வருகிறேன். அது கிரைஸ்லரின் ஏ பாடி.

வெறும் ‘ஏ பாடி’ என்று கேட்டால் போதாது. ஜெனரல் மோட்டார்ஸிலும் 1964 முதல் ஏ பாடி உண்டு: செவெல், ஜிடிஓ, கட்லஸ். இதற்கும் என் டார்ட்டுக்கும் எந்த உறவும் இல்லை. போதாததற்கு, 1982இல் ஜிஎம் அந்த எழுத்தை முன்சக்கர இயக்கக் கார்களுக்குக் கொடுத்துவிட்டு, பழைய பின்சக்கர இயக்கக் கார்களை ஜி ஆக்கியது. 1981 மான்டே கார்லோ ஏ, 1982 மான்டே கார்லோ ஜி, அடிப்படை ஒன்றுதான். ஆகவே நிறுவனம், வருடம், எழுத்து மூன்றையும் சேர்த்தே சொல்லுங்கள்.

பெயரும் கைவிடும். கிரைஸ்லரின் 1969 பாரகுடா ஏ பாடி. 1970 பாரகுடா ஈ பாடி, சேலஞ்சரின் உடன்பிறப்பு. டிரம் பிரேக் உள்ள என் டார்ட்டில் சக்கர போல்ட் வட்டம் (போல்ட்டுகள் அமைந்த வட்டத்தின் விட்டம்) 4 அங்குலம், ஈ பாடியில் 4.5. சக்கரம் வாங்குமுன் இதை அளந்துவிடுவது நல்லது.

கிரைஸ்லரில் நான் அதிகம் நம்புவது வின் எண்ணைத்தான், அதாவது ஒவ்வொரு காருக்கும் உள்ள தனி அடையாள எண். 1968 முதல் அது டாஷ்போர்டில், ஓட்டுநர் பக்கத்தில், முன்கண்ணாடி வழியே தெரியும். அந்தக் காலத்து எண்ணில் முதல் எழுத்து எல் என்றால் டார்ட், ஜே என்றால் சேலஞ்சர், எக்ஸ் என்றால் சார்ஜர். மூன்றாவது, நான்காவது இடத்தில் 23 இருந்தால் இரண்டு கதவு ஹார்ட்டாப், 27 என்றால் கன்வெர்ட்டிபிள். ஆறாவது இடம் வருடம். ஏழாவது தொழிற்சாலை, அங்கே ஆர் இருந்தால் ஒன்டாரியோவின் விண்ட்சரில் செய்தது. எஞ்சின் அறையிலுள்ள ஃபெண்டர் டேக் என்ற சிறிய உலோகத் தகடு இன்னும் விவரமானது, ஆனால் இங்கே பனிக்காலத்தில் சாலையில் கொட்டும் உப்பு பல கார்களில் அதைத் தின்றுவிட்டது.

ஃபோர்டில் அந்தக் காலத்தில் இப்படி எழுத்து வழக்கம் இல்லை, மாடலும் வருடமும் போதும்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி கனடியக் கார்கள். 1965இன் அமெரிக்க-கனடா வாகன ஒப்பந்தத்துக்கு முன் இறக்குமதி வரி இருந்ததால், நிறுவனங்கள் சிறிய கனடியச் சந்தைக்கென்று இருப்பதைக் கலந்து இங்கேயே கார் செய்தன. பழைய பாரிசியன் பார்வைக்குப் பான்டியாக். அடியில் செவர்லே சேஸியும் எஞ்சினும். அமெரிக்க பான்டியாக் எஞ்சினுக்கான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு அதில் பொருந்தாது. 1964 அல்லது அதற்குப் பிந்தைய காரில் போமான்ட் என்று எழுதியிருந்தால் செவெலின் ஏ பாடியைத் தேடுங்கள். 1962இல் வந்த அகேடியன், செவர்லேயின் சிறிய காரான செவி டூவை ஒட்டியது.

கிரைஸ்லரின் வேலியன்ட் இன்னும் சுவையானது. 1963, 64 கனடிய வேலியன்ட் செடானுக்கு முகம் அமெரிக்க வேலியன்ட்டினுடையது, உடல் டார்ட்டினுடையது. கிரில் உடைந்தால் வேலியன்ட் பாகம், பின்விளக்கு உடைந்தால் டார்ட் பாகம். 1965, 66இல் 106, 111 அங்குல வீல்பேஸ் (முன், பின் சக்கர மையங்களுக்கு இடையிலான தூரம்) கொண்ட கார்கள் இரண்டுமே வேலியன்ட் பெயரில் விற்கப்பட்டன. இந்த இரண்டு வருடக் காரைப் பார்க்கப் போகிறீர்கள் என்றால் அளவு நாடாவை எடுத்துப் போங்கள். பின்பகுதிப் பாகம் எதையும் அதற்குப் பிறகு வாங்குங்கள்.