பெயின்ட் மினுங்குது என்று காசைக் கொடுத்துவிடாதீர்கள்

பைபர் உடம்புள்ள பழைய கார் வைத்திருப்பவர்களும் வாங்க நினைப்பவர்களும், குறிப்பாகத் திருகோணமலைப் பக்கம் இருப்பவர்கள், இதை ஒருமுறை வாசித்துவிடுங்கள். எனக்குப் போனது ஐந்தேகால் இலட்சம் ரூபா. காசு மட்டும் போயிருந்தால் இவ்வளவு நீட்டி எழுதியிருக்க மாட்டேன்.

கார் என் தாய்மாமனுடையது. 1966ஆம் ஆண்டு லோட்டஸ் எலான். இங்கிலாந்தில் டொக்டராக இருந்தவர், ஊர் திரும்பும்போது கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்தார். பிரச்சினைக் காலம் முழுக்க உவர்மலையில் ஒரு ஓலைக் கொட்டிலுக்குள், உரச்சாக்குகளால் மூடியபடி கிடந்தது. மாமா கடைசிக் காலத்தில் என் கையைப் பிடித்து, "அதைக் கழட்டி வித்துப்போடாத தம்பி" என்றார். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் ஓய்வுபெற்ற கையோடு இந்த வேலையில் இறங்கினேன். எஞ்சினை ஒரு நல்ல மெக்கானிக் பார்த்துத் தந்தார், அதில் குறையே இல்லை. உடம்பு வேலையில்தான் ஏமாந்தேன்.

இந்தக் காரின் அமைப்பைச் சொன்னால்தான் என்ன நடந்தது என்று விளங்கும். உடம்பு முழுவதும் பைபர். அதற்கு அடியில் முதுகெலும்பு மாதிரி ஒற்றை இரும்புச் சட்டகம், இரண்டு முனையிலும் கவைபோலப் பிரியும். லோட்டஸ் நிறுவனத்தின் ரொன் ஹிக்மன் வடிவமைத்தது. காரின் மொத்த எடையே எழுநூறு கிலோவுக்குள்தான். பைபருக்குள்ளே பொபின் என்ற உலோகக் குழல்களை வைத்து வார்த்திருப்பார்கள். அவற்றினூடாகப் போகும் போல்ட்டுகள்தான் உடம்பைச் சட்டகத்தோடு பிடித்து வைத்திருக்கின்றன. இன்னொரு விஷயம்: இதன் முன்விளக்குகள் பொனட்டுக்குள் படுத்திருந்து தேவைப்படும்போது எழும்புபவை. எஞ்சின் உறிஞ்சும் வெற்றிடத்தால்தான் எழும்புகின்றன. அந்த வெற்றிடத்தைச் சேர்த்து வைக்கும் தாங்கி வேறெங்கும் இல்லை, சட்டகத்தின் முன் குறுக்குச் சட்டத்தின் உட்புறம்தான். அதை நினைவில் வைத்திருங்கள்.

கார் உடம்பு திருத்தும் ரிங்கரிங் பாஸ்மார் நாலு பேரிடம் கேட்டேன். தகரம் என்றால் செய்வோம், பைபர் என்றால் வள்ளம் செய்கிற இடத்துக்குக் கொண்டுபோங்கள் என்றார்கள். நியாயமான பேச்சாகத்தான் பட்டது. நிலாவெளியிலிருந்து மூதூர் வரை கரை முழுக்க பைபர் வள்ளம்தானே. அப்படித்தான் அந்தப் பட்டறைக்குப் போனேன். பெயர் எழுதவில்லை. ஆளைக் குறிவைப்பது என் நோக்கமில்லை, வேலையின் முறையைத்தான் சொல்ல வந்தேன்.

"சேர், இருபது வருஷமா வள்ளம் ஊத்திறன். இது ஒரு சின்ன வள்ளம், அவ்வளவுதான். நீங்க ஒண்டுக்கும் யோசிக்காதீங்க."

உடம்பைச் சட்டகத்திலிருந்து தூக்குவது, சட்டகத்தைச் சுத்தம் செய்து துரு தடுக்கும் பிரைமர் அடிப்பது, வெடிப்புகளை வெட்டி மெட் (கண்ணாடி இழை விரிப்பு) போடுவது, பெயின்ட். இவ்வளவும் பேசினோம். ஒரு கொப்பித் தாளில் எழுதி ஒரு கையெழுத்து. முற்பணம் மூன்று இலட்சம்.

மார்கழி மாதம். வாடைக்காற்றும் மழையும் விடாத நேரம். தறப்பாளுக்குக் கீழே வேலை. போனபோதெல்லாம் "தூசி சேர், உள்ள வராதீங்க" என்றுதான் பட்டறைக்காரர் வாசலில் நிறுத்தினார். ஒருநாள் அவர் இல்லாத நேரம் போய்விட்டேன். வேலைக்காரப் பெடியன் பழைய பெயின்டைக் கழற்ற ஏதோ ஒரு திரவத்தைத் தூரிகையால் பூசிக்கொண்டிருந்தான். தகரத்துக்குப் பாவிக்கும் அதே பெயின்ட் ரிமூவர். பொனட்டின் ஓரத்தில் பெயின்ட் மட்டுமல்ல, அதற்குக் கீழே இருந்த, பைபரின் மேற்பூச்சான ஜெல்கோட்டும் சுருங்கி, ஊறிய அப்பளம் மாதிரிக் கிடந்தது. விரல் வைத்தேன், ஒட்டியது. அந்தத் திரவம் பைபருக்குள் இறங்கினால் இலேசில் வெளியே வராது. பைபர் உடம்பில் பெயின்டைச் சுரண்டியோ கடதாசி போட்டுத் தேய்த்தோதான் எடுக்க வேண்டும், அல்லது பைபருக்கென்றே விற்கும் ரிமூவரைப் பாவிக்க வேண்டும். அன்றைக்கே காரை இழுத்துக்கொண்டு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

ரெசின் (பைபர் இழையைப் பிணைக்கும் பிசின்) கலந்த விதத்தையும் பார்த்தேன். ரெசினை இறுக வைக்கும் ஹார்ட்னரைப் போத்தல் மூடியால் ஊற்றினான், அளவே இல்லை. பொலியெஸ்டர் ரெசினுக்கு நிறைக்கு நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு வரைதான் ஹார்ட்னர் போக வேண்டும். குறைந்தால் உள்ளே இறுகாமல் கிடக்கும். கூடினால் சூடேறிச் சுருங்கி நொறுங்கும். வள்ளத்தில் ஒரு மில்லிமீற்றர் அங்கே இங்கே போனால் கடல் கேட்காது. கார்க் கதவில் போனால் அடுத்த வெயிலில் கோடு தெரியும். இன்னுமொன்று, இது உயிர் சம்பந்தப்பட்டது: ஹார்ட்னர் கானும், இறுகுவதை விரைவாக்கும் கோபால்ட் கானும் ஒரே தட்டில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. இரண்டையும் நேரடியாக ஒருபோதும் கலக்கக் கூடாது, வெடிக்கும். கோபால்ட்டை ரெசினில் நன்றாகக் கலந்து முடித்த பிறகுதான் ஹார்ட்னர். வீட்டில் செய்பவர்கள் இரண்டையும் வேறு வேறு அலுமாரியில் வையுங்கள்.

தைப்பொங்கலுக்கு மூன்று நாள் முன்பு கார் வந்தது. சிவப்பு நிறம். முகம் தெரிந்தது அதில். கண் கலங்கிவிட்டது, மீதி இரண்டேகால் இலட்சத்தையும் அந்த இடத்திலேயே எண்ணிக் கொடுத்தேன். பொங்கலன்று மாமியையும் ஏற்றிக்கொண்டு உப்புவெளி வரை போய் வந்தோம்.

வைகாசியில் கச்சான் காற்று தொடங்கியது. ஒரு நாள் மத்தியானம் வெயிலில் நின்ற காரின் பொனட்டில் சின்னச் சின்னக் கொப்புளங்கள். ஒன்றை நகத்தால் கிள்ளினேன். உள்ளிருந்து தண்ணீர் மாதிரி ஒரு துளி, அந்த ரிமூவரின் அதே மணம். பின் மட்காட்டில், அவர் திருத்தியதாகச் சொன்ன நட்சத்திர வெடிப்புகள் அச்சு அசலாகப் பழைய இடத்திலேயே திரும்ப வந்திருந்தன. வெடிப்பை வி வடிவில் பைபர் வரை வெட்டித் திறந்து, மெட் வைத்து நிரப்பினால்தான் அது போகும். மேலே பட்டி (நிரப்புப் பசை) தடவினால் அது ஒளிந்திருக்கும், அவ்வளவுதான்.

பட்டியை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்பீர்கள். தகரக் கார் என்றால் காந்தம் வைத்துப் பார்க்கலாம். பைபரில் காந்தம் எங்குமே ஒட்டாது, ஏமாற்றுபவருக்கு அதுதான் வசதி. ஒரு ஐந்து ரூபாக் குற்றியை எடுத்து உடம்பு முழுக்க இலேசாகத் தட்டிக்கொண்டு போங்கள். நல்ல இடத்தில் சத்தம் கணீரென்று ஒரே மாதிரி வரும். பட்டி தடிப்பாக இருக்கும் இடத்திலும், உள்ளே பிரிந்திருக்கும் இடத்திலும் பொத்தென்று விழும். என் காரின் இடது கதவில் பாதிக்கு மேல் பொத்துச் சத்தம்.

அதே வாரம் முன்விளக்குகள் எழும்ப மறுத்தன. எழும்பினாலும் கொஞ்ச நேரத்தில் சோர்ந்து படுத்துவிடும். குழாய்களை மாற்றிப் பார்த்தேன், சரிவரவில்லை. கடைசியில் காருக்கு அடியில் படுத்து, ஸ்குரூட்ரைவரால் முன் குறுக்குச் சட்டத்தைத் தட்டினேன். இரண்டாவது தட்டில் முனை உள்ளே போய்விட்டது. மேலே தடிப்பாகக் கறுப்புத் தார், அதன் கீழே துரு மட்டும். உடம்பைப் பிடிக்கும் போல்ட்டுகளைப் பார்த்தேன். ஒவ்வொரு தலையிலும் மாமா காலத்துப் பழைய பெயின்ட் உடையாமல் அப்படியே இருந்தது. ஒன்றைக்கூட அவர் கழற்றவில்லை. "உடம்பு தூக்கிய கூலி" என்று தனியாக எண்பதாயிரம் எழுதியிருந்தார். மாமியை ஏற்றிக்கொண்டு ஓடிய காரின் முன் சில்லுகள் அந்தத் துருவை நம்பித்தான் சுழன்றிருக்கின்றன. காசை விட அதை நினைத்துத்தான் பல இரவு நித்திரை வரவில்லை.

போய்க் கேட்டேன். "பழைய கார் சேர், அப்பிடித்தான்" என்றார். பிறகு தொலைபேசியை எடுக்கவில்லை. பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். ஆனால் முறைப்பாட்டை எழுத்தில், சேவை கிடைத்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். எனக்குக் கொப்புளம் வந்தபோது நாலு மாதம் கடந்துவிட்டது, கையில் ஒழுங்கான பற்றுச்சீட்டும் இல்லை. ஆகவே கார் வந்த கிழமையிலேயே எல்லாவற்றையும் தட்டிப் பாருங்கள், கொப்பித் தாளை ஏற்காதீர்கள், செய்த வேலை ஒவ்வொன்றையும் பிரித்து எழுதிய பில் கேளுங்கள். மத்தியஸ்த சபையில் போட்டிருக்கிறேன். இரண்டு தவணைக்கும் அவர் வரவில்லை.

உடம்பு தூக்குவதாகப் பேசினால் தூக்கும் நாளில் நீங்கள் அங்கே நில்லுங்கள். பட்டறைக்காரர் மறுத்தால் காரைக் கொடுக்காதீர்கள். தூக்கிய பிறகு பாதிக் காசு, வெறும் பைபரைக் கண்ணால் பார்த்த பிறகு அடுத்த பங்கு. வெறும் பைபருக்குப் பின்னால் டோர்ச் பிடித்தால் வெளிச்சம் ஊடுருவும், திருத்திய இடம் நிழலாகத் தெரியும். பிரைமர் அடித்துவிட்டால் அந்த வாய்ப்பு போய்விடும். மாரியில் பெயின்ட் அடிக்க விடாதீர்கள். இந்த மூன்றையும் நான் செய்திருந்தால் மாமாவின் கார் இன்று முழுசாக இருக்கும்.

ஆடி மாதம் காரை வீட்டு முற்றத்துக்குக் கொண்டுவந்துவிட்டேன். கொட்பேயில் வள்ளம் திருத்தும் ஒரு பெரியவர் ஞாயிறுகளில் வந்து உதவுகிறார். அவர் முதல் நாளே சொன்னார்: "தம்பி, எனக்கு வள்ளம் தெரியும், கார் தெரியாது. நீங்க புத்தகத்தைப் பாத்துச் சொல்லுங்க, நான் கையால செய்யிறன்." ஹார்ட்னரை மருந்துக்கடை சிரிஞ்சால் அளக்கிறார். போல்ட்டுகளுக்கு ஒரு கிழமை எண்ணெய் விட்டு ஊறவைத்தோம். பிறகு தெருப் பெடியன்கள் ஆறு பேர், கரையில் வள்ளம் தூக்குவதுபோல் இரண்டு பக்கமும் கை கொடுத்து, ஒரே மூச்சில் உடம்பைத் தூக்கி மரக் கட்டைகளில் வைத்தார்கள். எண்பதாயிரம் கேட்ட வேலை கால் மணித்தியாலத்தில் முடிந்தது, எல்லோருக்கும் தேத்தண்ணியும் வடையும்.

பழைய பெயின்ட் உடையாத அந்தப் போல்ட்டுகளில் நாலை ஒரு ஜாம் போத்தலில் போட்டு வைத்திருக்கிறேன். உடம்பு இப்போது நிழலில் காய்கிறது, ஆவணிக் கடைசி வரை ஒரு துளி பெயின்டும் படாது. எங்கேயாவது பைபர் காரை ஒப்படைக்க இருப்பவர்கள், கொடுக்கும் முன் எழுதுங்கள். போல்ட்டையும் துருப்பிடித்த குறுக்குச் சட்டத்தையும் எந்த ஞாயிறும் காட்டுகிறேன்.