மீன்தொட்டி தெர்மாமீட்டரைச் சோதிக்க ஐஸா, கொதிநீரா, காய்ச்சல் தெர்மாமீட்டரா?

மீன்தொட்டியில் 26 டிகிரி செல்சியஸ் என்று காட்டும் தெர்மாமீட்டரை நம்பித்தான் ஹீட்டரைக் கூட்டுகிறோம், குறைக்கிறோம். ஆனால் சாதாரணக் கருவிகளில் ஒரு டிகிரிவரை பிழை இருப்பது சகஜம். டிஜிட்டல் திரையில் புள்ளிக்குப் பின்னும் ஓர் இலக்கம் தெரிவதால் மட்டும் அந்தக் கருவி அவ்வளவு துல்லியமானது என்று ஆகிவிடாது. வீட்டிலேயே இதைச் சோதிக்கச் சொல்லப்படும் வழிகள் மூன்று. அவை மூன்றும் ஒரே தரத்தவை அல்ல.

கொதிநீர்ச் சோதனையை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். மீன்தொட்டிக்கான கண்ணாடித் தெர்மாமீட்டர்கள் பெரும்பாலும் 50 டிகிரி வரைக்குமே செய்யப்பட்டவை என்பதால், கொதிக்கும் நீரில் வைத்தால் உள்ளிருக்கும் திரவம் விரிந்து குமிழை உடைத்துவிடும். தாங்கக்கூடிய சமையல் தெர்மாமீட்டருக்கும் ஒரு சிக்கல் உண்டு: நீர் சரியாக 100 டிகிரியில் கொதிப்பது கடல்மட்டக் காற்றழுத்தத்தில்தான், ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்துக்கு ஒரு டிகிரி வீதம் கொதிநிலை இறங்கும்.

உருகும் ஐஸ் அப்படியல்ல. காற்றழுத்தம் மாறினாலும் அதன் வெப்பநிலை 0 டிகிரியிலிருந்து அசைவதில்லை என்றே கொள்ளலாம். எனினும், ஒரு டம்ளர் நீரில் நான்கு ஐஸ் கட்டிகளை மிதக்கவிட்டு அளப்பது இந்தச் சோதனை ஆகாது. நீர் மிகவும் அடர்த்தியாக இருப்பது 4 டிகிரியை ஒட்டி என்பதால், அந்த வெப்பநிலையில் உள்ள நீர் அடியில் தங்கிவிடும். நல்ல தெர்மாமீட்டரும் அங்கே தவறானதாகத் தோன்றும். ஐஸை நன்றாக நொறுக்கி டம்ளரை அடிவரை நிரப்பி, இடுக்குகள் நிறையும் அளவுக்கு மட்டும் குளிர்ந்த நீர் ஊற்றி, கிளறிவிட்டுச் சில நிமிடங்கள் பொறுக்க வேண்டும். நொறுங்கிய ஐஸ் வெளுப்பாக இல்லாமல் ஈரம் ஊறிக் கண்ணாடிபோல் தெரிந்தால்தான் அது உருகுநிலைக்கு வந்திருக்கிறது என்று பொருள். ஃப்ரீசரிலிருந்து எடுத்த உடனே அது 0 டிகிரிக்கு வெகு கீழே இருக்கும். உப்பு கலந்துவிடக் கூடாது: கடல்நீர் அளவு உப்பு இருந்தாலே உறைநிலை பூஜ்யத்துக்குக் கீழே கிட்டத்தட்ட 2 டிகிரி இறங்கிவிடும்.

இவ்வளவு நம்பகமான சோதனைக்கும் ஒரு குறை உண்டு. வெப்பமண்டல மீன்களுக்குப் பொதுவாக வேண்டியது 24 முதல் 28 டிகிரி. பூஜ்யத்தில் சரியாக இருக்கும் கருவி அங்கேயும் சரியாக இருக்கும் என்று உறுதி இல்லை. அந்த இடைவெளியை நிரப்புவது காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர். அதன் பிழை, உடல் வெப்பநிலையை ஒட்டிய எல்லையில், பொதுவாக 0.1 அல்லது 0.2 டிகிரிக்குள் அடங்கும். ஒரு வாளியில் 37 அல்லது 38 டிகிரி வெதுவெதுப்பான நீரை நிரப்பி, இரண்டின் முனைகளையும் ஒரே ஆழத்தில் பக்கத்தில் பக்கத்தில் பிடித்து, நீரைக் கலக்கிக்கொண்டே படிக்க வேண்டும். டம்ளரைவிட வாளி நல்லது, ஏனெனில் அளந்து முடிவதற்குள் அதன் நீர் அதிகம் ஆறிவிடாது. காய்ச்சல் தெர்மாமீட்டர் தொட்ட உச்ச அளவையே பிடித்துவைத்திருக்கும் என்பதால், ஒவ்வொரு முறையும் டிஜிட்டல் என்றால் அணைத்துப் போட வேண்டும், கண்ணாடி என்றால் உதற வேண்டும். சில நொடிகளில் கணித்துச் சொல்லும் வகை இதற்கு ஏற்றதல்ல.

இரண்டையும் சேர்த்துச் செய்வதே என் பரிந்துரை. உதாரணமாக, ஐஸில் 0.5 என்றும், 37 டிகிரி நீரில் 38.2 என்றும் ஒரு கருவி காட்டினால், அதன் பிழை 0.5-இலிருந்து 1.2-ஆக ஏறுகிறது. பிழை சீராக ஏறுவதாக எடுத்துக்கொண்டால், 26 டிகிரியில் அது சுமார் 1 டிகிரி கூடுதலாகக் காட்டும். ஆகவே அது 27 காட்டும்போது தொட்டி 26-இல் இருக்கிறது. இந்தத் திருத்தத்தைத் தெர்மாமீட்டரிலேயே ஒட்டிவைத்தால் கருவியை மாற்றத் தேவையில்லை. கடையில் பல தெர்மாமீட்டர்களை அருகருகே வைத்துப் பார்த்து, பெரும்பான்மையோடு ஒத்துப்போவதை எடுக்கும் பழக்கம் உண்டு; ஒரே தொகுதியில் வந்தவை எல்லாம் ஒரே பக்கம் பிழைபடவும் கூடும் என்பதால், அது படுமோசமான ஒன்றைக் கழிக்க உதவுமே தவிரச் சோதனை ஆகாது.

தொட்டியின் வெளியே ஒட்டும் நிறம்மாறும் பட்டைக்கு இந்த வழிகள் எதுவும் பொருந்தாது. அதன் அளவுகோலில் பூஜ்யமும் இல்லை, பெரும்பாலும் 37-உம் இல்லை. மேலும், அது அளப்பது நீரை அல்ல, ஒரு பக்கம் நீரும் மறுபக்கம் அறைக் காற்றும் படும் கண்ணாடியை. சோதித்து முடித்த தெர்மாமீட்டரைத் தொட்டிக்குள் வைத்து அதனோடு பட்டையை ஒப்பிடலாம். அறையின் வெப்பம் மாறும்போது அந்த வித்தியாசமும் மாறும்.